மூன்று விரல்

முக்கூடல் நடுநிலைப்பள்ளி, வாகைமர நிழலில் வண்டி.
ஒலிபெருக்கியில் நேற்றே பதிந்த என் குரல்:
"முப்பது வயது தாண்டிய தாய்மார்களே,
வலி இல்லை, ஊசி இல்லை, செலவு இல்லை."
நாலாவதாக வெட்கம் இல்லை என்று
சேர்க்கச் சொன்னார் நர்ஸ் ரஹ்மத்.
அது வேறு அர்த்தம் தரும் என்று
சிரித்து விட்டுவிட்டோம்.

பத்துமணி வரை ஒரு காக்கா.
பிறகு சொளவோடு வந்தார்கள்.
இலை, தூள், கத்தரி, நூல்.
மூணு மணிக்குக் கடையில் கட்டு ஒப்படைக்கணும்,
வரிசையிலும் கை நிற்காது.
பெயர் கூப்பிட்டால்
பாதி சுற்றிய பீடியைப் பக்கத்து மடியில் வைத்துவிட்டு
உள்ளே போவார்கள்.
திரும்பும்போது அது முடிந்திருக்கும்.
யார் முடித்தது என்று யாரும் கேட்பதில்லை.

பச்சைத் துணிக்கு அப்பால் நடப்பது எனக்குத் தெரியாது.
காடித் தண்ணீர் தொட்டு வைத்து
ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்களாம்.
வெளுத்தால் மஞ்சள் சீட்டு.
நாலு வருசமாய் வண்டி ஓட்டுகிறேன்,
வெளியிலிருந்து அந்த ஒரு நிமிடத்தைக்
கண்டுபிடிக்கப் பார்த்திருக்கிறேன்.
விசிறி ஓடும். பஸ் ஹாரன் கேட்கும்.
இதில் எது அது?

சண்முகக்கனி மட்டும் எழுந்திரிக்கவில்லை.
"தீட்டு நின்னே எட்டு வருசமாச்சு, எனக்கு எதுக்கு?"
"நின்ன பொறவும் பாக்கணும்மா."
"இன்னும் அறுநூறு கெடக்கு."
நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.
"ஒரு நிமிசந்தான் அக்கா, போயிட்டு வாங்க."
நிமிர்ந்து பார்த்தாள்.
"நீங்க பாத்தீயளா?"
வரிசை மொத்தமும் சிரித்தது.

பல் டாக்டர் ஜெபக்கனியின் மேஜை காலியாக இருந்தது.
"வாங்க அண்ணாச்சி, உங்களுக்கும் இருக்கு.
பையில என்ன?"
பாக்குப் பொட்டலம்.
"மூணு விரலைச் சேத்து, நட்டக்க வச்சு
வாய்க்குள்ள விடுங்க பாப்போம்."
விளையாட்டாய் எல்லாரும்
முந்தானையில் கை துடைத்துவிட்டு விடுகிறார்கள்.
மாடத்திக்கு நாலும் போகிறது.
எனக்கு ஆள்காட்டி போனது, நடுவிரல் போனது.
மோதிர விரல் பல்லில் தட்டியது.
திருப்பிப் பிடித்தேன். தட்டியது.
சிரிப்பு எப்போது நின்றதென்று கவனிக்கவில்லை.

"சாப்பிடும்போது எரியுதா?"

ஒரு வருசமாய் உலகம்மாளோடு சண்டை,
குழம்பில் காரம் கூட்டுகிறாள் என்று.
புளிக்குழம்பில், எள்ளுத் துவையலில்,
ஒருநாள் வெறும் ரசத்தில்.
இரண்டு தடவை தட்டை எறிந்திருக்கிறேன்.
"கொஞ்சம்" என்றேன் டாக்டரிடம்.

கன்னத்துக்குள் டார்ச் அடித்தாள்.
"வெளுத்திருக்கு."
அந்தச் சொல் பச்சைத் துணிக்கு
அந்தப் பக்கத்துச் சொல் என்றிருந்தேன்.
"பயப்படாதீங்க, இது அது இல்ல.
அது ஆகாமப் பாத்துக்கிடலாம்.
பாக்கை இன்னைக்கே விடணும்.
செவ்வாக்கிழமை ஹைகிரவுண்டுக்கு வந்திருங்க."
மஞ்சள் சீட்டில்
சொரிமுத்து, 46, ஓட்டுநர்
என்று எழுதினாள்.

சண்முகக்கனி எழுந்து வந்து
சொளவை என் மடியில் வைத்தாள்.
"பாத்துக்கிடுங்க, காத்துல தூள் பறக்கும்."
துணியை விலக்கி உள்ளே போனாள்.
எனக்குச் சுற்றத் தெரியாது.
பாதி பீடி ஒன்று மேலே கிடந்தது.
அதைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்,
விசிறி ஓடியது,
பாபநாசம் பஸ் போனது.

வெளியே வந்தவள் சீட்டை நாலாய் மடித்து
இடுப்பில் செருகினாள்.
"எனக்கும் செவ்வாதான்" என்றாள்.
சொளவை வாங்கிக்கொண்டு
விட்ட இடத்தில் தொடங்கினாள்.

ராத்திரி உலகம்மாள் தட்டை வைத்துவிட்டு
எட்டி நின்றாள்,
எறிந்தால் மேலே படாத தூரம்.
முதல் உருண்டையிலேயே எரிந்தது.
தண்ணீர் குடித்தேன்.
"காரம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.
ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள்.
"இன்னைக்கு மொளகாயே போடலையே."